பெரியப்பாவின் லாண்ட் ரோவரும் மலைநாட்டுப் பாதைகளும்

டித்வா புயல் ஓய்ந்து சில வாரங்களின் பின்னர், கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை செல்லும் வீதியில் உள்ள ஒரு பழைய கராஜில் முற்பகல் முழுவதையும் கழிக்க நேர்ந்தது. 1962 ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட எனது லாண்ட் ரோவர் அங்கே மரக்குற்றிகளின் மேல் நின்றது. பின் அச்சிலிருந்து கழற்றப்பட்ட உருக்குத் தண்டு ஒன்று இரண்டு துண்டுகளாகப் பழைய சாக்கின் மேல் கிடந்தது. அந்தக் கராஜின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த சிங்களவர். பெயரைச் சொல்லி எவரும் அவரை அழைப்பதில்லை. எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. கைவினைஞரைக் குறிக்கும் இந்தச் சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. அவர்கள் போய் இரு நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் சிங்களவரும் தமிழரும் அதை ஒன்றுபோலப் பயன்படுத்துகிறார்கள்.

"ஐயா, இந்தப் பெற்றோல் எஞ்சினை இனியும் வைத்திருக்கத்தான் வேணுமா? நல்ல யப்பான் டீசல் எஞ்சின் ஒன்று இருக்கிறது. போட்டுத் தரவா?" என்று பாஸ் கேட்டார். அவருடைய தமிழ் தோட்டத் தமிழ். அதை அவர் எங்கே கற்றார் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனது வாகனம் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஆறு கிலோமீற்றர் ஓடினால் அன்று எனக்கு நல்ல நாள். ஆயினும் உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அந்தத் தயக்கத்திற்கான காரணத்தை விளக்குவதற்கு, மலைநாட்டுப் பாதைகளின் கதையையும், அவற்றில் ஓடிய வாகனங்களின் கதையையும், அவற்றை ஓட்டியவர்களின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

பாதைகள் இல்லாத இராச்சியம்

கண்டி இராச்சியம் மூன்று ஐரோப்பிய வல்லரசுகளுக்கு ஈடுகொடுத்து நின்றதற்குப் பாதைகள் இல்லாமையே ஒரு முக்கிய காரணம் என்பதை வரலாறு படித்தவர்கள் அறிவர். கரையோரத்தைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துப் பிடித்த போதிலும், மலைக்குள் நுழைந்த படைகள் அடர்ந்த காட்டிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் சிதறிப் போயின. 1803 இல் கண்டியைப் பிடித்துத் தங்கியிருந்த ஆங்கிலேயப் படையணி, சில மாதங்களில் மகாவலி ஆற்றைக் கடக்க வழியின்றி அழிந்தது. நல்ல பாதை பகைவனுக்குத்தான் உதவும் என்பது மலையரசர்களின் பாதுகாப்புக் கொள்கையாக இருந்தது.

1815 இல் இராச்சியம் வீழ்ந்த பின்னர் ஆங்கிலேயர் முதலில் கவனம் செலுத்தியது இந்தக் குறையில்தான். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப் பாதை அமைப்பதையே தமது தலையாய பணியாகக் கொண்டார். அந்தப் பணியை நடத்திய பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட வெள்ளைக் கோபுரத்தை, கண்டிக்குச் செல்லும் பஸ்ஸின் யன்னலிலிருந்து இன்றும் காணலாம். அவருக்குப் பின் தோமஸ் ஸ்கின்னர் என்ற இன்னொரு படை அதிகாரி, தமது வாழ்நாளின் பெரும்பகுதியை இலங்கையில் வீதி அமைப்பதிலேயே செலவிட்டார். 1867 இல் புகையிரதமும் கண்டியை வந்தடைந்தது. அதே 1867 இல்தான் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டு ஆண்டுகளின் பின் கோப்பியை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகள் யாவும் தேயிலைக்கு மாறின.

பார்ன்ஸ், டோசன், ஸ்கின்னர் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. ஆனால் பெரிய வீதியிலிருந்து பிரிந்து, மலையின் இடுப்பைச் சுற்றி, தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் லயங்களுக்கும் செல்லும் தோட்டப் பாதைகளை வெட்டியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து, வழியிலே பலரைப் புதைத்துவிட்டு மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்து சேர்ந்த தமிழகத்து மக்கள் அவர்கள். மண்வெட்டியாலும் அலவாங்காலும் பாறையைப் பெயர்த்து அவர்கள் அமைத்த பாதைகளில் மாட்டு வண்டி மட்டுமே செல்லும் என்றுதான் அக்காலத் துரைமார் எண்ணியிருப்பார்கள். செங்குத்தான ஏற்றமும் ஊசிமுனை வளைவும் மழைக்காலச் சேறும் கொண்ட அந்தப் பாதைகளுக்கு, சாதாரண மோட்டார் வாகனம் ஒருபோதும் முழுமையாக ஈடுகொடுக்கவில்லை.

பேராதனைக்கு வந்த ஜீப்

நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் வாகனத்தைக் கண்டி மக்கள் பெருமளவில் கண்டது இரண்டாம் உலகப் போரின்போதுதான். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு, தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் மரங்களுக்கிடையே அலுவலகக் கொட்டகைகள் எழுந்தன. பர்மியப் போர்க்களத்தின் திட்டங்கள் அங்கே வரையப்பட்டன. 1945 இன் இறுதியில் தலைமையகம் சிங்கப்பூருக்குச் செல்லும் வரை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள், கண்டி ஒரு போர்த் தலைநகரமாக விளங்கியது.

அந்தப் படைகளின் தெருக்குதிரை ஜீப். அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து போர்க்காலத்தில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களை உற்பத்தி செய்தன. 80 அங்குலச் சக்கர இடைவெளியும் 60 குதிரைவலு எஞ்சினும் கொண்ட அந்தச் சிறிய வாகனம், பெரிய லொறி புதையும் சேற்றில் தாவிச் சென்றது. படைகள் போய்விட்டன, சொல் தங்கிவிட்டது. இன்றும் மலைநாட்டில் நான்கு சக்கர உந்துவிசை கொண்ட வாகனம் எந்த நாட்டில், எந்த நிறுவனத்தில் செய்யப்பட்டாலும் அது 'ஜீப்'தான். எனது லாண்ட் ரோவரையும் தோட்டத்துப் பிள்ளைகள் ஜீப் என்றே சொல்வார்கள்.

1948: ஒரு வாகனமும் ஒரு சட்டமும்

லாண்ட் ரோவரின் பிறப்புக்கும் ஜீப்பே காரணம். ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் ஒரு பழைய இராணுவ ஜீப்பை வைத்திருந்தார். அது தேய்ந்து போனால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே புதிய வாகனம். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் காட்சியில் அது உலகுக்கு அறிமுகமானது.

போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குக் கடும் பங்கீடு நிலவியது. ஆகவே உடலை அலுமினியக் கலப்புலோகத் தகட்டில் செய்தார்கள். சேசி என்று நாம் சொல்லும் அடிச்சட்டத்தை, தட்டையான உருக்குப் பட்டைகளைப் பெட்டி வடிவில் ஒட்டவைத்து அமைத்தார்கள். ஏழ்மை காரணமாகச் செய்த இந்த ஏற்பாடு வாகனத்தின் ஆயுளுக்கு வரமாக அமைந்தது. ஈரம் நிறைந்த மலைநாட்டில் உருக்குத் தகடு பத்தாண்டுகளில் துருவேறி உதிர்ந்துவிடும். லாண்ட் ரோவரின் உடல் அறுபது ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. அதன் நோயெல்லாம் அடிச்சட்டத்திலும், உருக்கும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் பொருத்துகளிலும்தான்.

1948 என்ற இந்த ஆண்டை மலையகத் தமிழன் வேறொரு காரணத்திற்காக நினைவில் வைத்திருக்கிறான். அவ்வாண்டு பெப்ரவரி 4 ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. நவம்பர் 15 ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் வாழ்ந்த பல இலட்சம் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இந்த மண்ணிலே பிறந்தவர்கள் என்பதற்குச் சான்று காட்டு என்று சட்டம் கேட்டது. மன்னார்க் காட்டு வழியில் நடந்து வந்தவனிடம் எந்தச் சான்று இருக்கும்?

எனது பெரியப்பா அவ்வாறு நாடற்றவரானவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது பதினாறு. தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சினுக்கு ஒயில் வார்க்கும் பையனாக வேலை செய்துகொண்டிருந்தார்.

மஞ்சள் பிடியும் சிவப்புப் பிடியும்

1962 இல் அந்தத் தோட்டத்திற்குப் புத்தம் புதிய லாண்ட் ரோவர் வந்தது. 109 அங்குலச் சக்கர இடைவெளி, இரண்டேகால் லீற்றர் பெற்றோல் எஞ்சின். அதை ஓட்டும் பொறுப்பு பெரியப்பாவுக்குக் கிடைத்தது. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்து மலைகளில் அக்கால டிரைவர் என்பவர் வெறும் சாரதி அல்லர். பழுது பார்ப்பவரும் அவரே. பாதையில் விழுந்த மண்ணை வெட்டி அகற்றுபவரும் அவரே.

சிறுவனாக இருந்தபோது அந்த வாகனத்தில் ஏறிக்கொள்ளும் வாய்ப்பு எனக்கு அரிதாகவே கிடைத்தது. கிடைத்த பொழுதுகளில் என் கண்கள் பாதையைப் பார்த்ததில்லை. கியர்த் தடிக்கு அருகே நின்ற இரண்டு சிறு பிடிகளையே பார்த்தன. ஒன்றின் தலை மஞ்சள் நிறம், மற்றதன் தலை சிவப்பு நிறம். மஞ்சளை அழுத்தினால் முன் சக்கரங்களும் வேலைக்கு வரும். சிவப்பை இழுத்தால் நான்கு சக்கரங்களுக்கும் தாழ்ந்த கியர் கிடைக்கும். வேகம் குறைந்து இழுவிசை பெருகும். "ஏறும்போது சிவப்பைப் போடுறவன் சாதாரண டிரைவர். இறங்கும்போது போடுறவன்தான் நல்ல டிரைவர்" என்பார் பெரியப்பா. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வாகனம் சறுக்கும். தாழ்ந்த கியரில் விட்டுவிட்டு, கிளட்சைத் தொடாமல், எஞ்சினே வாகனத்தைப் பிடித்து இறக்கும்படி விட வேண்டும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அந்த லாண்ட் ரோவர் துரையின் அதிகாரத்தின் அடையாளமாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அதன் சத்தம் தூரத்து வளைவில் கேட்டவுடன் மலையில் கொழுந்து பறிப்பவர்களின் பேச்சு நின்றுவிடும். ஆனால் இரவில் அதே வாகனம் வேறொன்றாகியது. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணையும், பாம்பு கடித்தவனையும், காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கண்டிக்கு இறங்கியது அதுதான். பங்களாவின் வாசலில் நின்று அனுமதி கேட்டு, அது கிடைக்கும் வரை காத்திருந்து, பிறகு இரண்டு மணி நேரம் மலையிறங்க வேண்டும். அனுமதி கிடைக்கத் தாமதமான இரவுகளைப் பற்றிப் பெரியப்பா அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு முறை, வாகனத்தின் பின் இருக்கையிலேயே பிறந்த ஒரு பிள்ளை பற்றிச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு லயத்தில் 'ஜீப்பு' என்றே செல்லப் பெயர் நிலைத்துவிட்டது.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரைக் கணக்குப்போட்டுப் பங்கிட்டது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு; மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு; மிகுதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வதாக முடிவாயிற்று. எங்கள் குடும்பத்தில் சித்தப்பா இந்தியாவுக்கு எழுதியிருந்தார். 1976 இல் அவருடைய முறை வந்தது.

அப்போது எனக்கு வயது ஏழு. அந்த விடியற்காலையில் சித்தப்பாவையும் சித்தியையும் மூன்று பிள்ளைகளையும், தகரப் பெட்டிகளையும் அம்மிக்கல்லையும் ஏற்றிக்கொண்டு, பெரியப்பா கண்டி புகையிரத நிலையத்திற்கு லாண்ட் ரோவரை ஓட்டினார். தலைமன்னாருக்குச் செல்லும் அந்த வண்டியை எமது மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள். தம்பியை அனுப்புவதற்குத் தமையனே சாரதியாக இருந்தார். வழிநெடுக அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதும், திரும்பி வரும் வழியில் சமதரையிலும் சிவப்புப் பிடியை எடுக்க மறந்து மிக மெதுவாகவே ஓட்டினார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. சித்தப்பாவின் குடும்பம் இராமேஸ்வரம் வழியாக நீலகிரிக்குச் சென்றது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவர் மீண்டும் கொழுந்தோடுதான் வாழ்ந்தார்.

அந்த வாகனத்திற்குப் பதிவுப் புத்தகம் ஒன்று இருந்தது. எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம், நிறம், முதற் பதிவுத் திகதி ஆகிய யாவும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் பிறந்து கப்பலில் வந்த அந்த இரும்பை இந்த நாடு முதல் நாளே தன்னுடையதாகப் பதிந்துகொண்டது. இந்த மண்ணிலேயே பிறந்து அதை ஓட்டிய மனிதருக்கோ, நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 1988 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே ஒரு தாள் கிடைத்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

தட்டுப்பாடு வளர்த்த கைவினை

பாஸ் தமிழ் கற்ற கதைக்கு வருகிறேன். 1970 முதல் 1977 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. லாண்ட் ரோவர்கள் தோட்டங்களில் நின்றன. அவற்றின் உதிரிப்பாகங்கள் கப்பலேறவில்லை. நின்றுபோன வாகனத்தை ஓடச் செய்வது கைத்திறனை மட்டுமே நம்பிய காரியமாயிற்று.

அக்காலத்தில் தேயிலைத் தொழிற்சாலை ஒவ்வொன்றும் ஒரு சிறு பட்டறையை வைத்திருந்தது. இலை உருட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதற்குக் கடைசல் இயந்திரமும், உலையும், கைதேர்ந்த பிட்டர்களும் இருந்தார்கள். அந்தப் பிட்டர்களில் பெரும்பாலோர் தமிழர். கண்டியிலிருந்து எடுபிடியாக வந்த பதினாறு வயதுச் சிங்கள இளைஞன் ஒருவன், எங்கள் தோட்டத்துப் பிட்டரிடம் ஐந்து ஆண்டுகள் தொழில் பழகினான். உடைந்த வில்லுத் தகட்டை லொறியின் பழைய தகட்டிலிருந்து வெட்டி வளைக்கவும், தேய்ந்த புஷ்ஷைப் பித்தளையில் கடையவும் அங்கேதான் கற்றான். அந்த இளைஞனே இன்றைய பாஸ். என் பெரியப்பாவை அவர் இன்றும் 'டிரைவர் அண்ணே' என்றுதான் குறிப்பிடுகிறார்.

1977 க்குப் பின் சந்தை திறந்தது. யப்பானிய வாகனங்கள் வெள்ளமென வந்தன. கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில், பாவித்த டீசல் எஞ்சின்கள் மலையாகக் குவிந்தன. லாண்ட் ரோவரின் பெற்றோல் எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு யப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் அப்போது பரவியது. அதை நான் பழிக்கவில்லை. அவ்வாறு மாற்றியிராவிட்டால் அவற்றுள் பல எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்ட பின்னர், எங்கள் தோட்டத்து லாண்ட் ரோவர் தொழிற்சாலையின் பின்புறக் கொட்டகையில் கோழிகளுக்கு உறைவிடமாகக் கிடந்தது. 2004 இல் கேள்விப்பத்திரம் கோரியபோது, எனது சேமிப்பில் பாதியைக் கொடுத்து நான் அதை வாங்கினேன். பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று

பழைய வாகனத்தைக் காட்டுப் பாதைக்காக மாற்றியமைக்க விரும்பும் இளைஞர்கள் இன்று கண்டியிலும் பலர் உள்ளனர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் மதிப்பு எங்கோ உயர்ந்தது. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் உள்ள பாடம் ஒன்றுதான். அதையும் என் தவற்றின் மூலமே கற்றேன்.

வாகனத்தை வாங்கிய புதிதில், பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் என்று அளவிற் பெரிய சேற்று டயர்களைப் பொருத்தினேன். பாஸ் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. டயர் பெரிதானால் அதைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசையும் பெரிதாகும். அந்தச் சுமை முழுவதும் பின் அச்சுக்குள்ளிருக்கும் அரைத்தண்டின் மேல் விழும். பழைய லாண்ட் ரோவரின் பலவீனமான உறுப்பு அதுவே. கியர் பொக்ஸைப் பொறுத்தும் இவ்வாறே. வலுவான டீசல் எஞ்சினைப் பொருத்தினால், அதன் இழுவைக்காக வடிவமைக்கப்படாத பழைய கியர்ப் பற்கள் தேயும். முன்புறம் பாரம் கூடி வில்லுகள் தாழும். வேகம் கூடினால் நான்கு டிரம் பிரேக்குகளும் போதாமற் போகும். ஒன்றை மாற்றினால், அது அதுவரை தாங்கிய சுமை சொல்லாமல் இன்னொன்றிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே மாற்றத்திற்கு முன் பராமரிப்பு என்பது பாஸின் கொள்கை. முதலில் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்ற ஒலி மந்தமாகும் இடத்தில் உள்ளே துரு தின்றிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதிய தகட்டை ஒட்ட வேண்டும். மேலே ஒட்டுப்போட்டு மூடினால் துரு உள்ளேயே வளரும். முன் சக்கரங்களின் திருப்பு உருண்டைகளில் ஒயில் கசிகிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். முன் சக்கரங்களை விடுவிக்கும் பூட்டு பொருத்தியிருப்பவர்கள், காட்டுக்குப் போகாவிட்டாலும் இடையிடையே அதைப் பூட்டி ஓட்ட வேண்டும். இல்லையேல் உள் உறுப்புகளுக்கு ஒயில் ஏறாது. வில்லுத் தகடுகளுக்கிடையே துரு இறுகிவிட்டால் வாகனம் கல்லில் குதிரை போல உதைக்கும். தகடுகளைப் பிரித்துச் சுத்தம் செய்து கிறீஸ் பூசினாலே பாதி உதை போய்விடும். ஆற்றைக் கடக்குமுன் கிளட்ச் பெட்டியின் அடியில் உள்ள துளைக்கு ஆணியை முடுக்க வேண்டும்; கடந்த பின் மறக்காமல் கழற்ற வேண்டும், உள்ளே கசியும் ஒயில் வெளியேற அதுவே வழி. தண்ணீரிலிருந்து ஏறியதும் பிரேக்கைச் சிறிது மிதித்தபடியே ஓட்டி உலர்த்த வேண்டும்.

இவ்வளவையும் செய்த பிறகே மாற்றங்கள். எனது வாகனத்தில் பிரேக்கை இரு தனிச் சுற்றுகளாகப் பிரித்தோம். ஒன்று பழுதானாலும் மற்றது பிடிக்கும். மலைநாட்டில் இதைவிட அவசியமான மாற்றம் வேறில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கோர்பட் கணவாய் வழியாக மீமுரைக்குச் செல்லும் பாதை இவ்விளைஞர்களுக்குப் பிடித்தமானது. அது ஊடறுக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர், 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளது. பாதையை விட்டு விலகிப் புல்வெளியில் ஒரு முறை சக்கரம் ஓடினால், அந்தத் தடம் அடுத்த மழையில் ஓடையாகிறது. ஓடை பின்னர் சரிவாகிறது. பாதையில் ஓட்டுவதற்கே நான்கு சக்கர உந்துவிசை. பாதையை விட்டு ஓடுவதற்கு அல்ல.

பாதை முடிந்த இடம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைகள் சரிந்தன. இந்த மாவட்டங்கள் இழந்த உயிர்களின் எண்ணிக்கையை உலகெங்கும் உள்ள வாசகர்கள் அறிந்தே இருப்பார்கள். எங்கள் தோட்டத்துடனான தொடர்பு இரண்டு நாட்களாக அற்றிருந்தது. மூன்றாம் நாள் அரிசியும், மாவும், மருந்தும், குழந்தைகளுக்கான பால்மாவும் ஏற்றிக்கொண்டு நானும், பாஸின் மகனும், இன்னும் இருவரும் புறப்பட்டோம்.

மரங்களை வெட்டி அகற்றி, சேற்றுக்குள் சிவப்புப் பிடியை இழுத்து, நடையின் வேகத்தில் ஏறினோம். தோட்டத்தின் எல்லைக்குச் சற்று முன்னர் பின் அச்சிலிருந்து ஒரு முறிவோசை கேட்டது. அரைத்தண்டு போய்விட்டது. பாஸ் இருபது ஆண்டுகளாக எச்சரித்துவந்த அதே தண்டு! பின் சக்கரங்களுக்கு உயிர் இல்லை. ஆனால் மஞ்சளும் சிவப்பும் இருக்கும் வரை முன் சக்கரங்கள் இரண்டும் இழுக்கும். வாகனம் தவழ்ந்து ஏறியது. பிறகு பாதையே இல்லை. இருந்த இடத்தில் செம்மண் சரிவு ஒன்று பள்ளத்தாக்கு வரை இறங்கியிருந்தது. எந்த வாகனத்திற்கும் அதற்கப்பால் வழியில்லை. மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி சரிவின் மேற்புறமாக நடந்தோம். எதிர்ப்புறத்திலிருந்து லயத்து இளைஞர்கள் மண்வெட்டிகளுடன் வந்துகொண்டிருந்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாதையை வெட்டியவர்களின் பேரர்கள், அரச இயந்திரம் எதுவும் வருமுன் மீண்டும் அதை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் நரைத்த தலையுடன் நின்ற ஒருவர் வாகனத்தை அடையாளம் கண்டு, "அது நம்ம ஜீப்பு இல்லையா?" என்று கேட்டார். தாம் பிறந்த வாகனத்தை மறக்காத அந்த மனிதரைப் பார்த்து என்னால் தலையை மட்டுமே அசைக்க முடிந்தது.

கராஜில் பாஸ் என் பதிலுக்காகக் காத்திருந்தார். எஞ்சினை மாற்றினால், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய இலக்கத்தைப் பதிந்து புத்தகத்தைத் திருத்த வேண்டும். அது செய்ய இயலாத காரியமல்ல. ஆனால் அந்தப் பழைய இலக்கத்தோடுதான் பெரியப்பா தம் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

"எஞ்சின் இருக்கட்டும், பாஸ். டயரைச் சின்னதாக்கிவிடுங்கள்" என்றேன்.

பாஸ் சிரித்தார். "இதை டிரைவர் அண்ணே அன்றைக்கே சொல்லியிருப்பார்" என்று சொல்லிவிட்டு, உடைந்த தண்டின் துண்டுகளில் ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். அது இப்போது எனது எழுதுமேசையில் இருக்கிறது.